செய்யாற்றோடு இறங்கிச் சதுரங்கப்பட்டினம் வரை

ஜவ்வாது மலைக்கு ஒரே நாளில் வந்து திரும்புவது எப்படி என்று கேட்டு அடிக்கடி போன் வரும். சென்னையில் வேலை பார்க்கும் என் தம்பியின் அலுவலக நண்பர்கள், வேலூரில் என்னோடு பி.எட். படித்தவர்கள் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நானும் சலிக்காமல் சொல்வேன். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குச் சுமார் 40 கி.மீ., பாதி வழி மலைப்பாதை, காலையிலேயே ஏறிவிடுங்கள். கோலப்பன் ஏரியில் படகு இருக்கிறது. பீமன் மடவு அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று ஊர்க்காரர்களைக் கேட்டுவிட்டுப் போங்கள். காவலூர் வானாய்வகத்தில் சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை விடுவது வழக்கம், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சாமை அரிசியும் தேனும் புளியும் மலைக்காரர்களிடமே வாங்குங்கள். இவ்வளவு சொன்னால் போதும், அவர்களுடைய ஒரு நாள் நிறைந்துவிடும்.

இதே மலையிலிருந்து கீழே இறங்கி, ஒரு நாளில் ஓர் ஊரைப் பார்த்துவிட்டு வர என்ன வழி என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. சுற்றுலாத் திட்டங்களில் ஜவ்வாது மலை பார்க்க வேண்டிய இடம். அங்கே குடியிருப்பவர்களுக்கும் எங்கேயாவது போய்ப் பார்க்க ஆசை இருக்கும் என்ற நினைப்பு அந்தத் திட்டங்களில் இல்லை. மலைக்காரர் இறங்குவது ஆஸ்பத்திரிக்கு, தாலுகா வேலைக்கு, கூலிக்கு. என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் சிலர் கேரளத்தையும் கர்நாடகத்தையும் பார்த்திருக்கிறார்கள். அப்பா அம்மா வேலைக்குப் போன இடத்தில், தோட்டத்து வரிசை வீட்டு வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தது அது. பார்ப்பதற்கென்றே ஓர் ஊருக்குப் போன பிள்ளை அபூர்வம்.

நான் இந்த மலையில் பிறந்து, இங்கேயே ஓர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருப்பவள். எங்கள் மலைப் பள்ளிகளிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளைச் சதுரங்கப்பட்டினத்துக்கு ஒரு நாள் பயணமாக அழைத்துப் போக வேண்டும், அதை அரசு தன் செலவில் செய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை. சதுரங்கப்பட்டினம் செங்கல்பட்டு மாவட்டத்தில், கல்பாக்கத்தை ஒட்டி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே சுமார் 15 கி.மீ. தொலைவில் இருக்கும் சின்ன ஊர். டச்சுக்காரர் கோட்டை கட்டிய ஊர். ஒரு பக்கம் வங்கக் கடல், மறு பக்கம் பக்கிங்காம் கால்வாய். ஏன் இவ்வளவு தூரம் என்று தலைமை ஆசிரியர்கள் கேட்பார்கள். ஒரே நாளில் முடியுமா டீச்சரம்மா என்று பெற்றோர் கேட்பார்கள். இரண்டுக்கும் பதில் வைத்திருக்கிறேன்.

இப்போது பள்ளிச் சுற்றுலா என்றால் வண்டலூர் உயிரியல் பூங்கா, மெரினா, ஏதாவது ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. பிள்ளைகள் சந்தோஷப்படுகிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மறுநாள் வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், சென்னை பெரிய ஊர், நம்ம ஊர் சின்ன ஊர் என்பதைத்தான் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். அதைப் படிக்கும்போது எனக்கு மனம் தாங்காது. தன் ஊருக்கும் பார்த்த ஊருக்கும் நடுவில் இவர்களுக்கு எந்தத் தொடர்பும் காட்டப்படவில்லை. தன் வீட்டு ஓடையில் தொடங்குவது எங்கே போய் முடிகிறது என்று ஒரு பிள்ளை தன் கண்ணால் பார்த்தால், அந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதும் என்று உறுதியாக நம்புகிறேன்.

செய்யாறு எங்கள் மலையில் பிறக்கிறது. குப்பநத்தம் அணையில் நின்று, செங்கத்தைத் தொட்டு, திருவத்திபுரம் என்கிற செய்யாறு நகரத்தைக் கடந்து போகிறது. கமண்டல நாகநதியும் எங்கள் சரிவிலிருந்துதான் கிளம்புகிறது. ஆரணி வழியாக வந்து செய்யாற்றில் சேர்கிறது. கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று வரும் பாலாறு மலைக்கு வடக்கே ஓடுகிறது. காஞ்சிபுரத்துக்குத் தென்கிழக்கே திருமுக்கூடலில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் ஒன்றாகின்றன. அங்கிருந்து செங்கல்பட்டுப் பக்கமாகப் போய், சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே வயலூரில் பாலாறு கடலில் விழுகிறது. ஜமுனாமரத்தூரில் ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழை, வழியில் அணையும் ஏரியும் கிணறும் எடுத்துக்கொண்டது போக மிச்சம், கடலைப் பார்ப்பது சதுரங்கப்பட்டினத்துப் பக்கத்தில்தான். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது, தொலைக்காட்சியில் அதைப் பார்த்த ஒரு மாணவி, டீச்சர், இதில் நம்ம தண்ணியும் இருக்குதா என்று கேட்டாள். அவளுக்கு வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினேன். கண்ணால் காட்டியிருக்க வேண்டிய விஷயம் அது.

தண்ணீரோடு அரசியலும் அதே வழியில் இறங்கியிருக்கிறது. எங்கள் மலையடிவாரத்தில் படவேடு இருக்கிறது. இன்று ரேணுகாம்பாள் கோயிலுக்காக மக்கள் வரும் ஊர். 14ஆம் நூற்றாண்டில் அது சம்புவராயர்களின் தலைநகரம். அந்த மரபில் வந்த இராஜநாராயணச் சம்புவராயரின் பெயரைத்தான் சதுரங்கப்பட்டினம் அப்போது தாங்கியிருந்தது. இராஜநாராயணன் பட்டினம் என்று கல்வெட்டுகள் அந்த ஊரைச் சொல்கின்றன. மலையடிவாரத்தில் கோட்டை, கடலோரத்தில் துறைமுகம், நடுவே ஆற்றங்கரை ஊர்கள் என்று ஓர் அரசு நடந்திருக்கிறது. பின்னர் விஜயநகரத்துக் குமார கம்பணர் படையெடுத்து வந்து சம்புவராயரை வென்றார். மதுரையை நோக்கிய அவருடைய படையெடுப்பில் முதல் பெரிய வெற்றி எங்கள் மலையடிவாரத்தில் கிடைத்தது. இதையெல்லாம் எங்கள் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக்கூடச் சரியாகப் பார்ப்பதில்லை. படவேட்டுப் பிள்ளைக்கும் ஜமுனாமரத்தூர்ப் பிள்ளைக்கும் ஒரு துறைமுகம் இருந்தது என்று சொல்லித் தருவது எவ்வளவு பெரிய விஷயம்!

மலையாளி என்று அரசின் பழங்குடிப் பட்டியலில் இருக்கும் எங்கள் மக்கள், காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். என் பாட்டியும் சொன்னார். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளிலும் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. கதை எந்த அளவுக்கு வரலாறு என்பதை ஆய்வாளர்கள் பேசட்டும். அந்தக் காஞ்சிபுரத்தை இந்தப் பயணத்தில் ஓரமாகக் கடந்துபோகும்போது, பாட்டி சொன்ன கதையைப் பேருந்தில் ஒரு பிள்ளையையே சொல்ல வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

இனித் திட்டத்துக்கு வருகிறேன். தை மாதம், பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாவது வாரம்தான் சரியான காலம். அதற்கு முன்னால் போனால் வடகிழக்குப் பருவமழை. அதற்குப் பின்னால் தள்ளினால் புளி உலுக்கும் வேலை மும்முரமாகிவிடும், வீட்டில் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். பொதுத்தேர்வும் நெருங்கிவிடும். தையில் வெயில் கொல்லாது. நல்ல மழை பெய்த ஆண்டில் ஆற்றிலும் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் போதும். அதற்குச் சின்னவர்கள் இவ்வளவு நீண்ட பயணத்தைத் தாங்க மாட்டார்கள்.

ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர், ஆரணி, செய்யாறு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் சுமார் 200 கி.மீ. நிறுத்தங்களோடு சேர்த்து ஏழரை மணி நேரம் பிடிக்கும். காலை 4 மணிக்குக் கிளம்பினால்தான் கடலோரத்தில் அரை நாள் கிடைக்கும். இங்கேதான் உண்டு உறைவிடப் பள்ளியின் வசதி தெரியும். பிள்ளைகள் விடுதியிலேயே இருக்கிறார்கள். எந்தப் பிள்ளையும் இருட்டில் காட்டுப்பாதையில் நடந்து வரவும் வேண்டாம், ராத்திரி திரும்பி வந்து நடந்து போகவும் வேண்டாம். வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளை முதல் நாள் மாலையே விடுதியில் தங்க வைத்துவிடலாம்.

மலைப்பாதையில் தையில் பனி மூடியிருக்கும். அதனால் இந்த மலையில் ஓட்டிப் பழகிய ஓட்டுநர்தான் வேண்டும். சமவெளியிலிருந்து பெரிய சொகுசுப் பேருந்தை வரவழைப்பதைவிட, கொண்டை ஊசி வளைவில் சிரமமில்லாமல் திரும்பும் நடுத்தர வண்டிகள் இரண்டு நல்லது. பிள்ளைகளுக்குப் பேருந்து பழக்கம் குறைவு, வளைவுக்கு வளைவு வாந்தி வரும். வெறும் வயிற்றோடும் ஏற்றக் கூடாது, நிறையச் சாப்பிடவும் விடக் கூடாது. சுக்குக் காப்பியும் இரண்டு பிஸ்கட்டும் போதும். கையில் ஆளுக்கு ஓர் எலுமிச்சம்பழம். வாந்தி எடுக்கிற பிள்ளையை யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வதும் ஆசிரியரின் வேலைதான். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டு பெயர் கொடுக்காது.

சாப்பாட்டை வெளியே வாங்கக் கூடாது. காசு மிச்சம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பழக்கமில்லாத சாப்பாடு, நீண்ட பயணம், வழியில் கழிப்பறை கிடைக்குமா என்ற பயம் மூன்றும் சேர்ந்தால் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள். காலைக்குச் சாமை உப்புமா, மதியத்துக்கு எங்கள் மலைப் புளியில் கிளறிய புளிச்சோறு, வேகவைத்த முட்டை. கேன் தண்ணீர் வண்டியிலேயே இருக்கட்டும். இதற்கு விடுதிச் சமையலர் அக்கா ராத்திரி 2 மணிக்கே எழ வேண்டும். அவருக்கும் பேருந்தில் ஓர் இருக்கை ஒதுக்க வேண்டும். அவரும் கடலைப் பார்த்திருக்க மாட்டார்.

முதல் நிறுத்தம் செய்யாறு நகரம், காலை 7 மணி வாக்கில். ஆற்றுப் பாலத்தருகே இறங்கி உப்புமா சாப்பிடலாம். மணல் மட்டும் தெரிந்தாலும் சரி, தண்ணீர் ஓடினாலும் சரி, இதுதான் நம் ஆறு என்று சொல்லிவிட வேண்டும். மலையில் தாண்டிக் குதிக்கிற ஓடை இங்கே இவ்வளவு அகலமா என்று அவர்களாகவே அளந்துகொள்வார்கள். அடுத்து மாமண்டூர் வழி. சாலைக்கு அருகே பல்லவர் குடைந்த குகைகளும் பெரிய ஏரியும் இருக்கின்றன. இறங்க நேரமில்லை, சன்னல் வழியாக ஏரியைக் காட்டலாம். பாலாற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி ஏரிகளை நிரப்புவது பல்லவர் காலத்திலேயே இந்தப் பகுதியில் பழகிய வேலை. கூரம் செப்பேடு பெரும்பிடுகு வாய்க்கால் என்று ஒன்றைக் குறிப்பிடுகிறது. கால்வாய் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு முதல் பாடம் இங்கேயே தொடங்கிவிடும்.

திருமுக்கூடலில் முக்கால் மணி நேரமாவது நிற்க வேண்டும். மூன்று ஆறுகள் சேரும் இடத்தைப் பார்ப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அங்குள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டு. வீரராஜேந்திர சோழர் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில் வெட்டியது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, ஒன்று அங்கே நடந்ததைச் சொல்கிறது. மருத்துவருக்கு இவ்வளவு, அறுவை செய்பவருக்கு இவ்வளவு, மருந்து கொண்டுவருகிறவர்களுக்கும் நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களுக்கும் இவ்வளவு என்று நெல்லும் காசும் கணக்காக எழுதியிருக்கிறது. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் உண்டு. அவற்றில் பல கடுக்காய் சேர்த்துச் செய்தவை. கடுக்காய் எங்கள் பிள்ளைகளுக்குப் பாட்டியோடு காட்டில் பொறுக்கிப் பழகிய காய். அது எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று கல்வெட்டு சொல்வதில்லை. ஆனால் மருந்து கொண்டுவருவதற்கென்றே ஆள் வைத்துக் கூலி கொடுத்தார்கள் என்று கேட்கும்போது, ஒரு பிள்ளையாவது அந்த ஆள் நம்ம மலைக்கு வந்திருப்பாரா என்று கேட்கும். அந்தக் கேள்வி போதும். எங்கள் ஊர்களில் இன்றும் அவசரத்துக்கு நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வரும் நிலைமை சில இடங்களில் இருக்கிறது. இவர்களில் ஒருத்தி மருத்துவம் படிக்க நினைத்தால் அந்த நினைப்பு இந்தக் கல்வெட்டுக்கு முன்னால் தோன்றட்டும்.

செங்கல்பட்டைத் தாண்டித் திருக்கழுக்குன்றம். மலைமேல் ஏற நேரம் இல்லை. ஆனால் ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். மேலே பல்லவர் காலத்து ஒருகல் மண்டபம் இருக்கிறது. சதுரங்கப்பட்டினத்தில் இருந்த டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் இந்தக் குன்றுக்கு வந்து, மண்டபத்தில் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். கடலோரத்து வெக்கையிலிருந்து விலகி ஒரு நாள் மலையேறி வந்தவர்களாக அவர்களை நான் நினைத்துக்கொள்கிறேன். அதைச் சொல்லும்போதே, கல்லில் பெயர் கிறுக்குவது ஏன் தப்பு என்றும் சொல்லிவிடலாம். பீமன் மடவுப் பாறைகளில் சுற்றுலாக்காரர்கள் பெயின்ட்டில் எழுதிவிட்டுப் போனதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது உடனே விளங்கும்.

சதுரங்கப்பட்டினக் கோட்டை செங்கல்லால் கட்டியது, கடலைப் பார்த்து நிற்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உள்ளே தானியக் கிடங்குகள் இருக்கின்றன. டச்சுக்காரர்களின் கல்லறைகளில் எழுத்தும் சித்திரமும் செதுக்கிய பலகைக் கற்களைப் பார்க்கலாம். டச்சுக்காரரின் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சோழமண்டலக் கடற்கரையில் பழவேற்காடு தலைமை இடம், பின்னால் நாகப்பட்டினம். சதுரங்கப்பட்டினம் அவற்றுக்கு நடுவில் துணி ஏற்றும் துறை. உள்நாட்டு நெசவு ஊர்களிலிருந்து மெல்லிய துணி இங்கே வந்து சேரும். அந்தத் துணியைக் கப்பலில் இந்தோனேசியத் தீவுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து அங்கே கிராம்பும் ஜாதிக்காயும் வாங்குவார்கள். 1781இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் இந்தக் கரைக்கு எதிரே ஆங்கிலேயக் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதின. பின்னர் கோட்டை டச்சுக்காரரிடம் திரும்பிப் போய், 1824 ஒப்பந்தத்தை அடுத்து நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இவ்வளவையும் பிள்ளைகளுக்கு ஒப்பிக்க வேண்டாம். கிடங்கில் நிற்க வைத்து, இங்கே என்ன வைத்திருப்பார்கள், யார் தூக்கி வந்திருப்பார்கள் என்று கேட்டால் போதும். சுமை தூக்கிய குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள், பதில் அவர்களிடமிருந்தே வரும்.

பிறகு புளிச்சோறு, கோட்டைக்கு அருகே நிழல் கிடைக்கும் இடத்தில். அதன் பிறகுதான் கால்வாய்.

பக்கிங்காம் கால்வாய்க்காகத்தான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தேன் என்றுகூடச் சொல்வேன். 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவே தனியார் ஒருவர் வெட்டிய சிறு கால்வாயாகத் தொடங்கியது அது. அரசு பின்னர் அதை எடுத்துக்கொண்டு வடக்கேயும் தெற்கேயும் நீட்டியது. வடக்கே ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ. இதில் தமிழ்நாட்டுக்குள் 163 கி.மீ. கடலுக்கு இணையாக, கழிமுகங்களையும் உப்பங்கழிகளையும் தொடுத்துக்கொண்டு போகும் பூ நார் அது. கடலின் ஏற்றவற்றத்தோடு தண்ணீர் ஏறி இறங்கும். ஆற்று முகங்களை ஒட்டி மதகுகள் வைத்து மட்டத்தைக் காத்தார்கள். படகோட்டிகள் கழி ஊன்றித் தள்ளுவார்கள், கரையில் நடந்து கயிற்றால் இழுப்பார்கள், காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். நெல், உப்பு, விறகு எல்லாம் இதில் சென்னைக்குப் போயின. பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இந்தக் கால்வாயில் படகேறிப் போனார். மாவலிபுரச் செலவு என்ற அவருடைய கவிதை அந்தப் பயணத்தைப் பற்றியது.

தாது வருடப் பஞ்சம் என்று எங்கள் பெரியவர்களும் சொல்லும் 1876–78 பஞ்சத்தில், சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியைப் பசியில் வந்த மக்கள் நிவாரணக் கூலிக்கு வெட்டினார்கள். அதன் பிறகு 1878இல், அப்போதைய கவர்னரான பக்கிங்காம் பிரபுவின் பெயர் முழுக் கால்வாய்க்கும் வைக்கப்பட்டது. வெட்டியவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. திருக்கழுக்குன்றத்திலிருந்து கடற்கரைக்கு வரும் சாலை இந்தக் கால்வாயைத் தாண்டித்தான் வர வேண்டும். சாப்பிட்ட பிறகு வண்டியை அந்தப் பாலத்துக்கே கொண்டு வந்து நிறுத்தி, இந்த ஒரு செய்தியை மட்டும் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன். கூலிக்கு ஊர்விட்டு ஊர் போவது என்றால் என்ன என்று தெரிந்த பிள்ளைகளுக்கு அது வெறும் ஆண்டுக்கணக்காக இருக்காது.

இன்றைய கால்வாயைப் பார்த்தால் வருத்தம்தான். ரயிலும் லாரியும் வந்தன. 1960களிலும் 1976லும் அடித்த புயல்கள் கரைகளை உடைத்தன. சென்னைக்குள் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே நட்டார்கள். வெளியே தூர்ந்தும், சீமைக் கருவேலம் மண்டியும் பல இடங்களில் கிடக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, கரையேறிய கடல் நீரைப் பல இடங்களில் இந்தக் கால்வாய் வாங்கிக்கொண்டு, வேகத்தைத் தணித்தது. 2008இல் தேசிய நீர்வழி எண் 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்போடு நின்றிருக்கிறது. ஒல்லாந்துக் கம்பெனியின் கிளைகளில் ஒன்று இருந்த டெல்ஃப்ட், அவர்கள் நாட்டில் ஒரு சின்னக் கால்வாய் நகரம்தான். இன்றும் அங்கே போகிறவர்கள் படகில் உட்கார்ந்து ஊரைப் பார்க்க முடிகிறது. நம் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் முட்டுக்காட்டிலும் முதலியார்குப்பத்திலும் படகுத் துறைகளை நடத்துகிறது. அவை இரண்டுக்கும் நடுவே சதுரங்கப்பட்டினத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கால்வாயைத் தூர்வாரி, மோட்டார் இல்லாத துடுப்புப் படகுகளை விட்டால் என்ன? வரலாற்றை உட்கார்ந்து பார்க்க ஓர் இடம் கிடைக்கும். உள்ளூர் மீனவ இளைஞர்களுக்கு வேலையும் கிடைக்கும்.

மதியம் 3 மணிக்கு வயலூர். பாலாறு கடலைத் தொடும் இடம். கழிமுகத்தில் இழுப்பு ஏமாற்றும், அங்கே யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. கரையில் நின்று பார்ப்பது மட்டும்தான். கால் நனைப்பதற்கு ஊர்ப் பக்கக் கடற்கரையில் அரை மணி நேரம், கணுக்கால் வரை, பத்துப் பிள்ளைகளாக. கடலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் ஆசிரியர்கள் நிற்க வேண்டும். மீனவர் ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்து, கூலி கொடுத்துக் கூடவே நிற்கச் சொல்வது நல்லது. அன்றைக்கு அலை எப்படி என்று அவருக்குத்தான் தெரியும். மாலை 4 மணிக்கு வண்டி கிளம்பிவிட வேண்டும். திரும்பும்போது வந்தவாசி, சேத்துப்பட்டு, போளூர் வழி பக்கம். ராத்திரி 10 மணிக்குள் விடுதி.

இவ்வளவு தூரம் போய் மாமல்லபுரத்தைப் பார்க்காமல் வருவதா என்று எல்லோரும் கேட்பார்கள். திரும்பும் வழியை ஒட்டி உத்திரமேரூர் இருக்கிறது, குடவோலைக் கல்வெட்டைப் பார்க்காமல் விடுவதா என்று என் சக ஆசிரியர்களே கேட்டார்கள். விட்டுவிடத்தான் வேண்டும். மாமல்லபுரத்துக்கு எல்லாப் பள்ளிகளும் போகின்றன, என்றைக்கு வேண்டுமானாலும் போகலாம். ஒரு நாளுக்குள் எட்டு இடங்களைத் திணித்தால் பிள்ளைகள் பேருந்திலிருந்து இறங்கி ஏறியது மட்டும்தான் நினைவில் நிற்கும். இந்தப் பயணத்துக்கு ஒரே நூல் போதும். அது தண்ணீர். அதில் கோக்க முடியாத எதையும் நான் சேர்க்க மாட்டேன். எவ்வளவு புகழ்பெற்ற இடமாக இருந்தாலும் சரி.

அரசிடம் கேட்பது அதிகமில்லை. மலைப் பள்ளிகளின் ஆண்டுப் பயணத்துக்கு வண்டி வாடகையும் டீசலும் ஒரு முதலுதவிப் பணியாளரும் எங்கள் பள்ளிகளை நடத்தும் துறை தர வேண்டும். கோட்டையில் சம்புவராயர் பெயரையும் படவேட்டையும் குறிப்பிட்டு, பிள்ளைகள் படிக்கும்படி நல்ல தமிழில் ஒரு பலகை வைக்க வேண்டும். திருமுக்கூடல் கல்வெட்டின் சுருக்கத்தையும் அப்படியே. பெண் பிள்ளைகள் பயன்படுத்தும்படி, தண்ணீர் வரும் கழிப்பறைகள் இந்த வழியில் எங்கெங்கே இருக்கின்றன என்று பட்டியல் எடுத்து, இல்லாத இடத்தில் உள்ளூர் அரசுப் பள்ளியின் கழிப்பறையைத் திறந்துவிட ஏற்பாடு செய்ய வேண்டும். இந்தக் கடைசிக் காரியத்துக்குக் காசே வேண்டாம், ஒரு கடிதம் போதும். அந்தப் பள்ளிப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் கொஞ்ச நேரம் பேசிக்கொள்ளவும் அது வழி செய்யும். அடுத்த ஆண்டு கடலோரப் பள்ளி ஒன்று எங்கள் மலைக்கு வரட்டும். விடுதியிலேயே படுக்க இடம் தருகிறோம். சாமைச் சோறு போடுகிறோம். காவலூர்ப் பக்கத்து இருட்டில் வானத்தைக் காட்டுகிறோம்.

பெற்றோர் ஒப்புதல் கடிதங்களைத் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போதே பிள்ளைகளிடம் கொடுத்துவிட வேண்டும். வெளியூர் வேலைக்குப் போனவர்கள் பலர் அப்போதுதான் வீட்டில் இருப்பார்கள். கையெழுத்து வாங்கி, கார்த்திகை மாதத்துக்குள் துறைக்கு விண்ணப்பம் போனால் தையில் வண்டி கிளம்பும். வழி, நேரம், நிறுத்தங்கள், செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மலையில் எந்தப் பள்ளி ஆசிரியர் கேட்டாலும் தருகிறேன்.